சிறு மீனும் நீரின் சூடும்

வட இந்தியாவில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில், டிசம்பர் மாதம் பாதியைக் கடந்ததும், தேங்காய் எண்ணெய்ப் புட்டி வெயிலைத் தேடிச் செல்லத் தொடங்கும். இரவெல்லாம் குளிரில் இருந்த எண்ணெய் மெழுகைப் போல வெண்மையாக இறுகிக் கிடக்கும். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் தலையில் தேய்க்க ஒரு துளியும் வெளிவராது. புட்டியைச் சன்னலோரத்தில் வைப்பார்கள். அவசரமானால் வெந்நீர்க் குவளைக்குள் நிறுத்துவார்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் பயன்படுத்துவதோ கடுகு எண்ணெய். அது ஜனவரி மாத விடியற்காலையிலும் நீர் போலவே ஓடும்.

ஒரு மீனின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு எண்ணெய்களையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

கங்கைச் சமவெளியின் வாய்க்கால்களிலும் நெல்வயல்களிலும் குட்டைகளின் ஓரங்களிலும் அந்த மீன் வாழ்கிறது. அதன் நீளம் சுண்டுவிரல் அளவுகூட இராது. ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். உடலில் நீலக் கோடுகள் ஓடுவதால் அதற்கு வரிக்குதிரை மீன் என்று பெயர். குதிரைக்குக் கோடுகள் குறுக்காக இருக்கும், மீனுக்கு நெடுக்காக இருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாமில்டன் என்பவர் கங்கையின் மீன்களைப் பற்றி 1822ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை முதன்முதலாக விவரித்தார். வடக்குப் பீகாரில் பாயும் கோசி ஆற்று மீனே அவருடைய விவரிப்புக்கு அடிப்படை.

இன்று இம்மீன் உலகின் பல நாடுகளில் ஆய்வகக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்கிறது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இதனிடம் இணையான மரபணுக்கள் உண்டு என்று 2013இல் கண்டறியப்பட்டது. ஆகவே நோய்களைப் பற்றி ஆராய்வோர் இதனைப் போற்றி வளர்க்கிறார்கள். தொட்டியின் நீர் ஆண்டு முழுவதும் 28.5 டிகிரியில் நிலையாக வைக்கப்படுகிறது. அங்கே கோடையும் இல்லை, குளிரும் இல்லை. கோசிக் கரையில் பிறக்கும் அதன் உறவினருக்கு அந்த வசதி கிடையாது. இம்மீன் வாழும் இடங்களில் நீரின் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரி வரை இறங்கும். கோடையில் 38 டிகிரி வரை ஏறும். ஒரே ஆண்டுக்குள் அந்த மீன் இத்தகைய இரு வேறு நீர்களில் வாழ வேண்டும்.

மனிதனின் உடலுக்குள் ஓர் அடுப்பு இடைவிடாமல் எரிந்துகொண்டிருக்கிறது. வெளியே பனி பெய்தாலும் அனல் காற்று வீசினாலும் உடலின் உட்புறம் 37 டிகிரிக்கு அருகிலேயே இருக்கும். மீனிடம் அந்த அடுப்பு இல்லை என்று சொல்வதைவிட, அடுப்பு இருந்தும் பயனில்லை என்று சொல்வதே பொருந்தும். மீன் மூச்சுவிடுவது செவுள்களால். உயிர்வளியைப் பெறுவதற்காக அதன் இரத்தம் முழுவதும் மெல்லிய செவுள் இதழ்களின் வழியே நீரை ஒட்டிப் பாய்ந்தாக வேண்டும். உயிர்வளி உள்ளே வரும் அதே இடத்தில் உடலின் சூடு வெளியே போய்விடுகிறது. நீர் 12 டிகிரி என்றால் மீனின் இதயமும் 12 டிகிரி. மூளையும் 12 டிகிரி. பெரிய மீனுக்காவது உடல் முழுவதும் சூடேறவோ குளிரவோ சற்று நேரம் பிடிக்கும். சிறு மீனுக்கு அந்தச் சலுகையும் இல்லை. நீரின் சூடே அதன் சூடு.

வெப்பநிலை பத்து டிகிரி குறைந்தால், உடலுக்குள் நடைபெறும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். அதனால்தான் குளிர்கால மீன் குறைவாக உண்டு, குறைவாக நீந்தி, அடிநீரில் அசையாமல் நிற்கிறது. அது துன்பப்படுகிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அது சிக்கனமாக வாழ்கிறது.

உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பினால் ஆன மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. அந்தச் சவ்வு நெகிழ்வாக இருந்தால்தான் உணவும் உப்பும் உள்ளே வெளியே போய்வர முடியும். குளிரில் அது தேங்காய் எண்ணெயைப் போல இறுகிவிட்டால் உயிரணு நின்றுவிடும். மழையும் பனியும் நெருங்கும்போது மீன் தன் சவ்வுகளிலுள்ள கொழுப்பையே சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. நேரான விறகுக் கட்டைகளை அடுக்கினால் அவை இடைவெளியின்றி ஒட்டிக்கொள்ளும். வளைந்த சுள்ளிகளை அடுக்கினால் நடுவே இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். கொழுப்பின் மூலக்கூறுகளும் அவ்வாறே. தேங்காய் எண்ணெயில் நேரானவை மிகுதி. கடுகு எண்ணெயில் வளைந்தவை மிகுதி. கார்த்திகையிலிருந்து தை வரை, வாய்க்காலின் நீர் நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டே போகையில், மீன் தன் சவ்வுகளில் வளைந்த மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. கோடை நெருங்கும்போது அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது.

இந்த மாற்றம் ஓரிரு நொடியில் நிகழ்வதன்று. வெப்பத்திற்குப் பழகுவதற்குச் சில நாள்கள் போதும். சூட்டில் உடலின் வேலைகள் விரைவாக நடப்பது அதற்கு ஒரு காரணம். குளிருக்குப் பழகுவதற்கோ பல நாள்கள், சில வேளைகளில் வாரங்கள் வேண்டும். வெவ்வேறு வெப்பநிலைகளில் பழக்கப்பட்ட வரிக்குதிரை மீன்களை ஆய்வகத்தில் சோதித்தபோது, அவை தாங்கும் எல்லை கீழே 6 டிகிரிக்கு அருகிலும் மேலே 41 டிகிரிக்குச் சற்று அதிகமாகவும் இருந்தது. இந்த எண்களைப் படிப்பவர், இம்மீன் எந்த நீரிலும் பிழைக்கும் என்று எண்ணக்கூடும். அவ்வாறன்று. இரண்டு எல்லைகளும் ஒரே மீனுக்கு ஒரே நாளில் கிடைப்பதில்லை. குளிருக்குப் பழகிய மீனுக்கு மேல் எல்லை தாழ்ந்திருக்கும். வெப்பத்திற்குப் பழகிய மீனுக்குக் கீழ் எல்லை உயர்ந்திருக்கும். இடையே கடந்துசெல்ல வேண்டிய பாலம், காலம் ஒன்றே.

வடக்குப் பீகாரின் இரயில்வே குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுமி இதனை ஒரு ஜனவரி மாதத்தில் அறிந்துகொண்டாள். மூடுபனியின் காரணமாகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவர்களோடு சேர்ந்து, இருப்புப்பாதையை ஒட்டிய வாய்க்காலில், ‘கம்சா’ என்று அவ்வூரார் கூறும் துண்டை விரித்து அவள் ஆறு மீன்களைப் பிடித்தாள். நான்கினை ஹார்லிக்ஸ் புட்டியில் விட்டு வீட்டுக்குள் வைத்தாள். மற்ற இரண்டும் இருந்த குவளை வெளிப்படியிலேயே மறந்துபோயிற்று.

மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவளுடைய அப்பத்தா அப்போது வந்திருந்தார். அவருக்கு அதுவே முதல் வட இந்தியக் குளிர்காலம். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டையும், அதற்கு மேல் இரண்டு சால்வைகளும், காலுறையும் அணிந்தும் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. புட்டியின் அடியில் அசையாமல் நின்ற மீன்களைப் பார்த்ததும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

“பாவம் தாயி, நமக்கே பல் கிட்டுகிறது. இந்த வாயில்லாச் சீவன்கள் என்ன செய்யும்?” என்றார்.

“அவை இங்கேயே பிறந்தவை, அப்பத்தா. பழகியிருக்கும்” என்று சொல்லிவிட்டுச் சிறுமி உறங்கப் போனாள்.

அப்பத்தா தமக்கென வைத்திருந்த வெந்நீரில் ஒரு செம்பு எடுத்தார். விரலை விட்டுப் பார்த்தார். கை பொறுக்கும் சூடுதான். அதைப் புட்டியில் ஊற்றினார். மீன்கள் உடனே சுழன்று சுழன்று நீந்தின. உயிர் வந்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார். விடிந்தபோது நான்கும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. வெளிப்படியில், இரவெல்லாம் பனியில் கிடந்த குவளையில், இரண்டும் உயிரோடு இருந்தன.

சிறுமி காலையில் அப்பத்தாவிடம் பேசவில்லை. அப்பத்தாவும் காப்பியைத் தொடவில்லை. நெடுநேரம் கழித்து அவரே சொன்னார்: “நம் ஊர்க் கண்மாயில் மீன்குஞ்சு விட வருகிறவன் பையை வந்ததும் பிரிக்க மாட்டான். அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு பீடி பிடித்து முடித்துவிட்டுத்தான் அவிழ்ப்பான். எதற்கென்று நான் கேட்டதில்லை, தாயி.”

மீன்குஞ்சு விற்பவர் செய்தது இதுதான்: பையின் நீரும் கண்மாயின் நீரும் ஒரே சூட்டை அடையும்வரை அவர் காத்திருந்தார். செம்பில் இருந்த சூடு அந்த மீன்களுக்கு முற்றிலும் புதியதன்று. மே மாதத்தில் அதே வாய்க்காலில் அதே அளவு சூட்டில் அவற்றின் இனம் நீந்துகிறது. ஆனால் ஜனவரியிலிருந்து மே மாதத்திற்கு நான்கு மாத வழி இருக்கிறது. அந்த வழியை அவை ஒரு நிமிடத்தில் கடக்க நேர்ந்தது. சுழன்று நீந்தியது மகிழ்ச்சியினால் அன்று. குளிருக்கென நெகிழ்த்தி வைத்திருந்த சவ்வுகள் சூட்டில் அளவுக்கு மீறி இளகின. உடலின் தேவைகள் சட்டென்று பன்மடங்காயின. சூட்டில் முட்டையின் வெண்கரு உருமாறுவதுபோல உடலின் புரதங்களும் உருக்குலையத் தொடங்கும். அவற்றைத் தாங்கிப் பிடித்து மீண்டும் மடித்துச் சீராக்கும் காவல் புரதங்கள் மீனிடம் உண்டு. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றைப் போதிய அளவு உருவாக்கவும் நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைக்கவில்லை.

அன்று மாலை அப்பத்தாவும் பேத்தியும் எஞ்சிய இரண்டு மீன்களை வாய்க்காலுக்கு எடுத்துச் சென்றார்கள். குவளையைக் கழுத்தளவு நீரில் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை இருவரும் மாறி மாறிக் காத்திருந்து, பிறகே சாய்த்தார்கள். உண்மையில் இரண்டு நீரும் அன்றைக்கு ஏறத்தாழ ஒரே குளிர்ச்சியில்தான் இருந்திருக்கும். அப்பத்தா கேட்கவில்லை.

அவருடைய கண்மாயிலும் ஒரு சிறு மீன் உண்டு. மதுரைக் குழம்பில் புகழ்பெற்ற அயிரை அது. உயிரோடு வாங்கிவந்து, சிறிது பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, பிறகு சமைப்பார்கள். அயிரையின் அறிவியல் பெயரின் பின்பாதி ‘தெர்மாலிஸ்’. வெப்பத்தைக் குறிக்கும் சொல். தமிழ்நாட்டின் வெயில் அதற்குக் காரணமன்று. இலங்கையின் திருகோணமலைக்கு அருகே கன்னியா என்னும் இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவற்றை உண்டாக்கினான் என்பது அவ்விடத்துத் தொன்மக் கதை. அந்த வெந்நீர் ஊற்றுப் பகுதியில் கிடைத்த மீனைக் கொண்டே பிரெஞ்சு அறிஞர் வலென்சியன் 1846இல் அயிரையை விவரித்துப் பெயரிட்டார்.

கோடையில் சிறு மீனுக்கு நேரும் இடர் சூடு மட்டுமன்று. 10 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும். 30 டிகிரி நீரில் ஏழரை மில்லிகிராம்தான் தங்கும். நீர் சூடேற ஏற மீனுக்குத் தேவையான உயிர்வளி கூடுகிறது. நீரிலுள்ள உயிர்வளியோ குறைகிறது. வரவு சுருங்கும் மாதத்தில் செலவு பெருகும் குடும்பத்தின் நிலை அதற்கு. குட்டையில் நீர்ச்செடிகளும் பாசியும் மிகுந்திருந்தால் இரவில் அவையும் உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். ஆகவே மீன் சூட்டுக்கு அஞ்சவேண்டிய வேளை பிற்பகல். மூச்சுக்கு அஞ்சவேண்டிய வேளை விடியலுக்குச் சற்று முன். அவ்வேளையில் குட்டை ஓரத்தில் நிற்பவர், சிறு மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். காற்றை ஒட்டிய மேற்பரப்பு நீரில்தான் சிறிதளவு உயிர்வளி மிச்சம் இருக்கும். அயிரையின் குலத்தைச் சேர்ந்த மீன்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். மேலே வந்து காற்றையே விழுங்கி, குடலின் வழியே உயிர்வளியை எடுத்துக்கொள்ளும்.

உடலை மாற்றிக்கொள்வதற்கு முன்பே மீன் செய்வது ஒன்று உண்டு: இடத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு முழம் ஆழமே உள்ள வாய்க்காலிலும் மேல்நீரும் அடிநீரும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. ஆகாயத்தாமரையின் அடியில் ஒரு சூடு. வெட்டவெளியில் வேறொரு சூடு. நெற்பயிர் வளர்ந்து நிழல் தந்தபின் வயல்நீரின் சூடு தணியும். இந்த வேறுபாடுகளை மீன் தோலால் உணர்ந்து, பிடித்த இடத்தைத் தேர்ந்துகொள்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு இதில் வியப்பான ஒன்றைக் காட்டியது. ஒரு முனையில் 18 டிகிரியும் மறுமுனையில் 35 டிகிரியும் இருக்குமாறு தொட்டி ஒன்றை அமைத்தார்கள். சில வரிக்குதிரை மீன்களைக் கால் மணி நேரம் வலைக்குள் அடைத்துக் கலக்கமுறச் செய்து, பின்னர் விடுவித்தார்கள். கலங்கிய மீன்கள் வழக்கத்தைவிடச் சூடான பகுதியை நாடிச் சென்று அங்கே தங்கின. அச்சத்தில் மனிதனுக்கு உடம்பு சுடுவதுண்டு. தனக்கெனச் சூடு இல்லாத மீன், அந்தச் சுரத்தை நீரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

காசுமீரத்தின் ஏரிகளில் மேற்பரப்பு உறைந்துபோகும் நாள்களிலும் அடியில் மீன்கள் பிழைத்திருப்பதற்கு நீரின் இயல்பே காரணம். 4 டிகிரியில் நீரின் அடர்த்தி மிகுதி. அந்த நீர் அடியில் தங்கிவிட, பனிக்கட்டி மேலே மூடியாகிறது. கங்கைச் சமவெளியின் ஆழமற்ற வாய்க்கால்களுக்கு அந்த நிலை வருவதில்லை. அங்கே மீனுக்கு மேல் எல்லையும் நெருக்கத்தில் இருக்கிறது.

அந்த மேல் எல்லை தலைமுறை தலைமுறையாக உயருமா என்று நார்வே நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மேற்கு வங்கத்து நீர்நிலைகளில் பிடித்த வரிக்குதிரை மீன்களை எடுத்துச் சென்று, அதிகச் சூட்டைத் தாங்குபவற்றையே தேர்ந்து இனம் பெருக்கினார்கள். ஆறு தலைமுறைகள், ஏறத்தாழ 20,000 மீன்கள். 2020இல் முடிவு வெளியாயிற்று. ஒரு தலைமுறைக்கு உயர்ந்த அளவு 0.04 டிகிரி. இந்த வேகத்தில் ஒரு டிகிரி உயர 25 தலைமுறைகள் ஆகும். காட்டு வரிக்குதிரை மீன் பெரும்பாலும் ஓராண்டே வாழ்வது. ஆகவே ஏறத்தாழ 25 ஆண்டுகள். அதுவும் மனிதன் அருகிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்கும்போதுதான். தாங்கும் திறன் குறைந்த மீன்களைத் தேர்ந்து பெருக்கியபோது எல்லை எளிதில் இறங்கியது. மேலே ஏற்றுவதுதான் அரிதாக இருந்தது.

கோடை நீர் 38. மிகவும் பழகிய மீனின் எல்லை 41க்குச் சற்று மேல். நடுவே இருப்பது மூன்று டிகிரிதான். இந்த மூன்று டிகிரிக்குள் மீனின் உடல் செய்யக்கூடியது குறைவு. வாய்க்கால் செய்யக்கூடியது மிகுதி. கரையில் ஒரு புங்க மரம் நின்றால் பிற்பகல் வெயில் நீரில் நேராக விழாது. மண் தூராமல் ஓரிடமாவது ஆழமாக இருந்தால் அடிநீர் சற்றுக் குளிர்ந்திருக்கும். ஆற்றோடு உள்ள தொடர்பு அடைபடாமல் இருந்தால், மழைக்காலத்தில் கோசி பெருகி வரும்போது மீன்கள் வயல்களுக்குப் பரவி முட்டையிடும். ஏறத்தாழ 28 டிகிரி நீரில் அம்முட்டைகள் இரண்டு மூன்று நாள்களில் பொரித்துவிடும். குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும்.

மே மாதத்துப் பிற்பகலில் இருப்புப்பாதை ஓரத்து வாய்க்காலுக்குச் செல்பவர் வெட்டவெளி நீரில் ஒரு மீனையும் காணமாட்டார். எல்லாம் மடிந்துவிட்டன என்று திரும்பிவிடக் கூடாது. தண்டவாளத்துக்கு அடியில் நீர் நுழையும் இடத்தில் செங்கல் வளைவுப் பாலம் ஒன்று இருக்கும். குனிந்து அதன் நிழலுக்குள் சற்று நேரம் பார்த்தால், கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.